கீழிருந்து பதினோரு வரி

இருபத்தாறு வருடங்களாக நான் செய்திகளைக் கீழிருந்துதான் வெட்டி வருகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதவி ஆசிரியர் வேலை பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். முக்கியமானது மேலே இருக்கும், அதைவிடக் கொஞ்சம் குறைந்தது அடுத்து வரும், போனால் போகட்டும் என்கிற சங்கதி கடைசியில் கிடக்கும். இடம் போதவில்லை என்றால் கடைசிப் பத்தி போகும். அதுவும் போதாவிட்டால் அதற்கு முந்தின பத்தி. நின்று நிதானமாகப் படித்து, இதை எடுக்கலாமா அதை எடுக்கலாமா என்று யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? மூன்றாம் பக்கம் ஏழு மணிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். அலுவலகத்தில் எனக்குக் கத்திரி என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனாலும் காதில் விழும்.

எங்கள் நிருபர் ஒருத்திக்கு வால் என்று பேர் வைத்தது நான். முந்நூறு வார்த்தை கேட்டால் ஐந்நூறு தருவாள். ஐந்நூறு கேட்டால் அன்றைக்கு நான் வீட்டுக்குப் போக முடியாது. எந்தச் செய்தியை எழுதினாலும் பின்னால் ஒரு வால் தொங்கிக்கொண்டிருக்கும், அதை நான் நறுக்குவேன், மறுநாள் காலையில் பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு சண்டைக்கு வருவாள். முப்பத்து நாலு வயது. மூன்று வருடமாகக் குடிநீர் வாரியத்தைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். சண்டை போடும்போதும் அண்ணே என்றுதான் ஆரம்பிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்குச் செய்தியை அனுப்பிவிட்டு என் மேஜைக்கு வந்தாள். நகரத்தின் கிழக்குப் பகுதிக்குப் போகிற தண்ணீர் குடிக்கத் தகுதியில்லை என்று ஆய்வுக்கூடம் சொன்னதை, தகுதியுள்ளது என்று வாரியம் மாற்றி எழுதியிருந்தது. பழைய தாள், மாற்றிய தாள் இரண்டின் நகலும் அவளிடம் இருந்தன.

"அண்ணே, நாலாவது பாராவுல கை வெச்சீங்க, அவ்ளோதான். ஒவ்வொரு நம்பரும் ரெண்டு மாசம் நாயா அலைஞ்சு வாங்கினது."

"இடம் பத்தலன்னா எங்க வெட்டறது? உன் தலையிலயா?"

"கடைசில அமைச்சர் ஆபீஸ் விளக்கம் இருக்கு. அதே பழைய பல்லவிதான். 'மறு ஆய்வுக்கு உத்தரவிட்டிருக்கோம், மக்கள் பயப்பட வேணாம்.' கடைசி உங்க இஷ்டம்."

வீட்டில் குழந்தைக்கு ஜுரம் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள். படிக்கட்டில் இறங்கும்போது கூடத் திரும்பி நான்கு விரலைக் காட்டினாள். நாலாவது பாரா.

ஆறே காலுக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்தான். மூன்றாம் பக்கத்தில் கால் பக்கம் போட்டிருந்த விளம்பரத்தை அரைப் பக்கமாக்க வேண்டுமாம். யாருடைய விளம்பரம் என்று பார்த்தேன். அரசாங்கத்தினுடையது. தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். 'வீடுதோறும் தூய குடிநீர், எங்கள் சாதனை' என்று எழுதியிருந்தது. இதை யாராவது கதையில் எழுதிக் கொடுத்திருந்தால், நம்புகிற மாதிரி இல்லை என்று நானே அடித்திருப்பேன்.

மற்றவர்கள் எல்லோரும் திரையிலேயே வெட்டுவார்கள். எனக்குக் காகிதத்தில் வெட்டினால்தான் கை வரும். செய்தியை அச்செடுத்தேன். பதினோரு வரி குறைய வேண்டும். சிவப்புப் பேனாவால் கீழிருந்து பதினோரு வரியை அடித்தேன். ஓரத்தில் '11 வரி, விளம்பரம்' என்று எழுதி, இனிஷியல் போட்டு, 6.35 என்று நேரமும் போட்டேன். பிறகு அதைப் பார்த்துத் திரையில் நீக்கினேன். அந்தப் பதினோரு வரியை நான் படிக்கவில்லை. படிக்காவிட்டால் என்ன, என்ன இருக்கிறது என்று அவள்தான் சொல்லியிருந்தாளே.

அரசாங்கத்தைக் குறை சொல்கிற செய்தியில் அரசாங்கத்தின் விளக்கத்தை மறைப்பது குற்றம் என்று சட்டம் வந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிய செய்திக்குப் பக்கம் போட்டவனே நான்தான். அதையும் கீழிருந்து வெட்டினேன். எத்தனை வருடம் தண்டனை என்பது கடைசிப் பத்தியில் இருந்ததாக ஞாபகம்.

நான்காம் நாள் காலையில், மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவளை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். சீப்பு குழந்தையின் தலையிலேயே செருகியிருந்ததாம். அதே நேரத்தில் எங்கள் அலுவலகத்துக்கும் வந்து பத்தொன்பது கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அமைச்சர் அலுவலகத்தின் விளக்கத்தை அவள் வேண்டுமென்றே மறைத்துவிட்டாள், மக்களிடம் பீதி கிளப்பிவிட்டாள் என்பது வழக்கு. தான் விளக்கத்தோடுதான் அனுப்பியதாக அவள் சொன்னாள். பறிமுதல் செய்த கம்ப்யூட்டர்களில் அப்படி ஒரு பிரதியே இல்லை என்று போலீஸ் சொன்னது. இருக்கிற ஒன்றை இல்லாமல் ஆக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

அன்று மதியமே ஆசிரியர் ஒரு அறிக்கை எழுதி என்னிடம் நீட்டினார். முதல் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட வேண்டும். 'செய்தியாளர் தந்த பிரதியில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே வெளியிட்டோம்.' ஒரு எழுத்தையும் மாற்றாமல்! என் இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு செய்தி வெளியானதே கிடையாது. ஆசிரியர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நான் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்து அறிக்கையை அச்சுக்கு அனுப்பினேன். அதை இப்போது நினைத்தாலும் என்மீதே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

திருத்திய அச்சுப் பிரதிகளை வாரம் ஒரு கட்டாகக் கட்டி, கழிவறைக்குப் பக்கத்து அறையில் போட்டு வைப்போம். மூன்று மாதம் ஆனால் பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப் போவார். போலீஸ்காரர்கள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லோரும் போன பிறகு நான் உள்ளே போய், அந்த வாரக் கட்டைப் பிரித்து, அந்த ஒரு தாளை உருவினேன். நான்காக மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டேன். அவளைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? சத்தியமாக எனக்கே தெரியாது.

மூன்று நாள் கழித்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நாள் முழுதும் வாயைத் திறக்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் எனக்குச் சொன்னது நேர் மாறாக இருந்தது.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க. அந்தப் பேப்பர எரிச்சிடுங்க."

"அதுல ஒன்னும் பெருசா இல்ல, என் இனிஷியல்தான்..."

"அதுதாங்க இருக்கு! ஏழு வருஷமாம். உங்களுக்கு பிபி இருக்கு. நம்ம பொண்ணு இன்னும் காலேஜே முடிக்கல."

"அவளுக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நாலு வயசு."

"தெரியும்," என்றாள். சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "தெரிஞ்சுதான் சொல்றேன்," என்றாள்.

எரித்துவிட்டேன் என்று மறுநாள் பொய் சொன்னேன். தாள் பழைய தையல் மெஷினின் இழுப்பறையில் இருந்தது. மெஷின் ஓடி ஆறு வருடம் ஆகிறது, யாரும் திறக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். வாசல் மணி அடித்தால் முதலில் சட்டையைத் தேடினேன். பனியனோடு கைதாகக் கூடாது என்று என்னவோ ஒரு நினைப்பு. அலுவலகத்திலோ எந்தச் செய்தியையும் கீழிருந்து வெட்டக் கை வரவில்லை. வாகன விபத்து, பள்ளி ஆண்டு விழா, வானிலை அறிக்கை எதுவானாலும் கடைசி வரிவரை படித்தேன். பக்கம் தினமும் தாமதமாகப் போனது. கத்திரி மழுங்கிவிட்டது என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

இதற்கு நடுவே எனக்கென்று ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. 'கடைசி உங்க இஷ்டம்.' அவள்தானே சொன்னாள்? என் தலையில் ஏற்றி வைத்தவளே அவள்தானே? பஸ்ஸில் நின்றுகொண்டு, குளியலறையில் நின்றுகொண்டு, இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டியது நான் என்று நாளைக்கே தெரிந்தாலும் இந்த ஒரு வாக்கியம் என்னைக் கரையேற்றிவிடும். அப்படியே நம்பினேன்.

அவள் கைதான முப்பத்தெட்டாவது நாள் அவளுடைய கணவர் அலுவலகத்துக்கு வந்தார். கணக்கு ஆசிரியர். எதையும் இரண்டு முறை சரிபார்த்துப் பேசுகிற மனிதர். வரவேற்பறையில் அவரைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். விஷயம் தெரிந்துவிட்டது, சட்டையைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சார், மாசத்துக்கு ஒரு தடவை என்னைத் தவிர இன்னொருத்தர் பார்க்கலாம். சொந்தக்காரங்க மட்டும்தான். அவ உங்க பேரக் குடுத்திருக்கா."

"என் பேரா? நான் சொந்தக்காரன் இல்லையே."

"உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சாம். அண்ணன்னு எழுதிட்டா." லேசாகச் சிரித்தார். "அந்தக் கணக்குல பார்த்தா நீங்க எனக்கு மச்சான்."

மச்சான் என்று அவர் சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரணையில் அவளை விதவிதமாகக் கேட்டார்களாம், விளக்கத்தோடு அனுப்பினால் பிறகு யார் எடுத்தது என்று. தெரியாது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். "அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தோணுது சார். ஆனா சொல்ல மாட்டேங்கறா," என்றார். வியாழக்கிழமை ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. அதில் கிடைக்காவிட்டால் வழக்கு முடிகிறவரை உள்ளேதான். வழக்கு முடிய எத்தனை வருடமோ.

செவ்வாய்க்கிழமை போனேன். மூன்று இடத்தில் சோதனை. பெல்ட்டை வாங்கிக்கொண்டார்கள், செல்போனை வாங்கிக்கொண்டார்கள், சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாக்களையும் வாங்கிக்கொண்டார்கள். பேனா இல்லாமல் நெஞ்சுப் பக்கம் லேசாகி, என்னவோ போல இருந்தது. கண்ணாடித் தடுப்பு. அதில் பேசுவதற்கு ஓட்டைகள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் காவலர் நீள நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்றார் காவலர். "ஒன்னு விடாம எழுதணும். போன தடவை விட்டுப்போச்சுன்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அவள் ரொம்ப மெலிந்திருந்தாள். கிளிப்புக்கு அனுமதி இல்லை போலும், கிழிந்த துணியால் முடியைக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணே, இப்படி இளைச்சிட்டீங்க?" என்றாள். உள்ளே இருக்கிறவள் வெளியே இருக்கிறவனைப் பார்த்துக் கேட்கிறாள்.

நான்தான் வெட்டினேன், என்னை மன்னித்துவிடு என்று சொல்வதற்காகத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் நோட்டின் மேல் அந்தப் பேனா காத்துக்கொண்டிருந்தது. வாய் வரைக்கும் வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

"எழுத விடறாங்களா?" என்று கேட்டேன்.

"பேப்பரே கிடையாது. மனசுக்குள்ளயே எழுதறேன். ரொம்ப நீளமாப் போய்ட்டிருக்கு, நீங்க பார்த்தா அழுதுடுவீங்க." சிரித்தாள். "ஆனா ஒன்னு கத்துக்கிட்டேன் அண்ணே. இனிமே கடைசில எதையும் வைக்க மாட்டேன். எல்லாத்தையும் மேல தூக்கி வெச்சிடுவேன்."

"எதை மேல வைப்பீங்க?" என்றார் காவலர்.

"செய்திய, மேடம்."

காவலர் எழுதிக்கொண்டார். அவருக்குப் பேர் வைப்பதாக இருந்தால் என்ன வைப்பேன் என்று ஒரு நொடி யோசித்தேன். எதையும் வெட்டாத மனுஷி.

அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து வந்தாள். "நீங்க மனசுல ஒன்னும் வெச்சிக்காதீங்க அண்ணே. உங்க மேல தப்பு கிடையாது. அன்னிக்கு நான்தானே சொன்னேன், கடைசி உங்க..."

"பாப்பாவுக்கு ஜுரம் விட்டுடுச்சா?" என்றேன்.

கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த தடுப்பில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அந்தப் பேனாவைப் பார்த்தாள்.

"விட்டு நாப்பது நாளாச்சு அண்ணே," என்றாள்.

"கடைசி உங்க... அப்புறம் என்ன சொல்ல வந்தீங்க?" என்று காவலர் கேட்டார்.

"கடைசியா உங்க கையாலதான் டீ வாங்கிக் குடிச்சேன்னு சொல்ல வந்தேன் மேடம்."

காவலர் அதையும் எழுதினார். மிச்சமிருந்த ஆறு நிமிடமும் நாங்கள் டீயைப் பற்றித்தான் பேசினோம்.

வெளியே வந்து, பேனாக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் முழுதாக மண்டையில் ஏறியது. இத்தனை நாள் நான் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த வாக்கியம் அவளுக்குத் தூக்குக் கயிறு. விளக்கம் போனாலும் பரவாயில்லை என்று அவளே சொன்னாள் என்றால், வேண்டுமென்றே மறைத்தாள் என்கிற வழக்குக்கு வேறு சாட்சி எதற்கு? அதை எனக்காக, என் மனசு ஆறட்டும் என்பதற்காக, அந்த நோட்டுக்கு முன்னாலேயே சொல்ல வந்தாள். வாழ்க்கையில் நான் உருப்படியாக ஒரு வெட்டு வெட்டினேன் என்றால் அது இதுதான்.

அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ வீட்டுக்காரர் இன்னிக்கு எனக்கு கிளினிக்குக்கு ஃபோன் பண்ணினாரு."

"எதுக்கு?"

"நன்றி சொல்ல. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்தீங்களாம், அவளுக்கு ரொம்பத் தெம்பா இருக்குமாம். இந்த நேரத்துல ஜெயில் வாசல மிதிக்க யாருக்கு அக்கா தைரியம் வரும்னு கேக்கறாரு. நன்றி சொல்றாருங்க அந்த மனுஷன்! எனக்கு ரிசீவரக் கையில பிடிக்க முடியல." சட்டென்று அழ ஆரம்பித்தாள். "வரிசையா எல்லாரும் பல்லு வலியோட உக்காந்திருக்காங்க, நான் அழுதுட்டிருக்கேன்."

நான் குனிந்து அவள் செருப்பைக் கழற்றி வைத்தேன். அவள் அந்தத் தாளைப் பற்றிக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். நூல்கண்டு, துருப்பிடித்த ஊசிகள், அளவு நாடா. தாளைக் காணோம். இழுப்பறையை மொத்தமாக உருவித் தரையில் கவிழ்த்தேன். மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எரித்துவிட்டாள். கண்டுபிடித்து எரித்துவிட்டாள். அப்போது எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. கூச்சமில்லாமல் சொல்கிறேன், அப்பாடா என்றிருந்தது. என் கையில் இனி ஒன்றுமில்லை, நான் என்ன செய்ய முடியும்? அடுத்த நொடியே அந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தரையில் நூல்கண்டுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி ஈரத் தலையோடு வந்து நின்று பார்த்தாள்.

"அது என் கைப்பையில இருக்கு. மடிப்புல கிழியற மாதிரி இருந்துச்சு, பிளாஸ்டிக் உறையில போட்டு வெச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எரிச்சிருந்தா வாசனை வராதா? மூணாவது நாளே எடுத்துப் பார்த்துட்டேன். தினமும் எரிக்கலாம்னுதான் எடுப்பேன்." தலையைத் துவட்டிக்கொண்டாள். "கோர்ட்டுக்கு நானே கொண்டு வரேன். உங்ககிட்ட குடுத்தா வழியில பஸ்ல தொலைஞ்சிடுச்சும்பீங்க."

கதவருகே ஒரு பை தயாராக இருந்தது. இரண்டு வேட்டி, துண்டு, பல் துலக்கும் பிரஷ், மாற்று மூக்குக்கண்ணாடி, ஒரு மாதத்துக்கான பிபி மாத்திரை. மருந்துச் சீட்டையும் மறக்காமல் வைத்திருந்தாள்.

நீதிமன்ற நடைபாதையில் அவளுக்காக வாதாடுகிற வக்கீலம்மா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பதினோரு வரியையும் படித்தார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது: மறு ஆய்வுக்கு உத்தரவு, மக்கள் அஞ்ச வேண்டாம், அமைச்சர் அலுவலகம் தொலைபேசியில் தெரிவித்த நேரம் உட்பட. இனிஷியலைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

"நான்தான்."

"பேப்பர மட்டும் குடுத்தா நேத்து உக்காந்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. எழுதின ஆள் நேர்ல வந்து வாக்குமூலம் குடுக்கணும். குடுத்தா இன்னிக்கே அவங்களுக்கு ஜாமீன் கேட்டு வாங்கிடுவேன். ஆனா..." மனைவியைப் பார்த்தார். "இவர் திரும்பி வீட்டுக்கு வருவார்னு என்னால சொல்ல முடியாது."

"தெரிஞ்சுதான் பையோட வந்திருக்கோம்," என்றாள் மனைவி. பையைக் கீழே வைக்கவில்லை.

"பன்னெண்டு மணிக்குக் கேஸைக் கூப்பிடுவாங்க. டைப்பிஸ்ட் ரூமுக்குப் போங்க. உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா உள்ளே ஓடினார்.

டைப்பிஸ்ட் ஒற்றை ஆளாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். முதலில் கையால் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். என் பேர், வேலை, இருபத்தாறு வருட அனுபவம். செய்தியாளர் ஐந்து இருபதுக்கு விளக்கத்தோடு முழுப் பிரதியை அனுப்பினார். ஆறே காலுக்கு விளம்பரம் பெரிதானது. ஆறு முப்பத்தைந்துக்கு நான் கடைசிப் பதினோரு வரியை நீக்கினேன். நீக்கியது அவருக்குத் தெரியாது, அவர் அப்போது அலுவலகத்தில் இல்லை. முதல் பக்கத்தில் வந்த அறிக்கை உண்மையல்ல. எழுத எழுதப் பேனா தானாக ஓடியது. பயந்தவனுக்குக் கை வேகமாக ஓடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டைப்பிஸ்ட் வாங்கிப் பேனா நுனியால் ஒவ்வொரு வரியாக எண்ணினார்.

"முப்பத்தெட்டு வரி வருது சார். படிவத்துல முப்பதுதான்."

"சின்ன எழுத்துல அடிக்க முடியாதா?"

"கூடாது. இன்னொரு தாள் சேக்கணும்னா தனியா மனு போடணும். போட்டா இன்னிக்கு எடுக்க மாட்டாங்க, அடுத்த தேதிதான்."

"அடுத்த தேதின்னா?"

"ரெண்டு மாசமாவது ஆகும்." மூக்கை உறிஞ்சினார். "எட்டு வரி. எங்கயாவது கொறைச்சுக் குடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். திறந்த கதவு வழியே நடைபாதை பெஞ்சு தெரிந்தது. மனைவி பையை மடியில் வைத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்த கணக்கு ஆசிரியரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று எழுந்து நின்றார். நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாளுக்குத் திருப்பிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் என் கை ஓடாது.

மேலே இருந்ததில் எதை எடுப்பது? நேரங்களை எடுத்தால் நம்ப மாட்டார்கள். விளம்பரத்தை எடுத்தால் காரணம் விளங்காது. அவளுக்குத் தெரியாது என்பதை எடுத்தால் நான் வந்ததே வீண். கடைசி எட்டு வரிக்கு வந்தேன். என் வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். வெட்டுவதற்கு முன்னால் கடைசியைப் படித்தேன்.

'இதை நான் எந்தக் கெட்ட நோக்கத்தோடும் செய்யவில்லை. யாரும் தூண்டிச் செய்யவில்லை. இடப் பற்றாக்குறையே காரணம். இதுவரை என்மீது எந்தப் புகாரும் கிடையாது. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். மேலும், கடைசிப் பகுதி உங்கள் இஷ்டம் என்று செய்தியாளரே அன்று என்னிடம் சொல்லியிருந்தார்.'

எப்போது எழுதினேன் இதை? அடித்துச் சொல்கிறேன், எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் என் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நான் கத்தி நிறுத்திய அதே வாக்கியம், என் பேனா வழியாக வந்து கடைசியில் பதுங்கிக் கிடந்தது. அந்த எட்டு வரியைத் தவிர அந்தத் தாளில் என்னைக் காப்பாற்ற ஒன்றுமே இல்லை.

"சார், நேரமாகுது," என்றார் டைப்பிஸ்ட்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். கீழிருந்து எட்டு வரியையும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி, அழுத்தி அழுத்தி அடித்தேன். ஓரத்தில் '8 வரி' என்று எழுதி, இனிஷியல் போட்டு, பழக்க தோஷத்தில் நேரத்தையும் போட்டேன். 11.40.